குப்பைக் கிடங்கில் மூன்று நாள்

"குளிப்பாட்டினேன். முடி வெட்டிவிட்டேன். புதுச் சட்டை, கட்டில், மூன்று வேளைச் சோறு. மூன்றாம் நாள் அந்தக் காலோடு சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்னதான் செய்வது, அக்கா?"

கேட்டவர் இருதயராஜ். மனம் கலங்கித் தெருவில் கிடப்பவர்களை அழைத்துவந்து பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் நான்கு மாதமாக வேலை. வயது ஐம்பத்திரண்டு.

கோசலை அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அக்கா. ஏழு வருடம் ரயிலடியில் கிடந்து, இந்த இல்லத்தில் தேறி, இங்கேயே வேலைக்கு நின்றுவிட்டவள். புதிதாகச் சேருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போனவர் மறுபடி பஸ் ஸ்டாண்டு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடப்பதையும், தன்னைக் கண்டாலே கல்லை எடுப்பதையும் இருதயராஜ் சொன்னார். சர்க்கரை நோய். காலில் புண். கட்டுப் போடாமல் ஒரு வாரம் விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு நாள் போய்விட்டது.

"நாலு பேரை வச்சுத் தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"தூக்கலாம். சுவர் அங்கேயேதான் இருக்கு."

இன்னொரு வெங்காயம் உரிந்தது.

"அவரோட மூட்டை எங்கண்ணே?"

"அந்த அழுக்குச் சாக்கா? குளிப்பாட்டும்போதே குப்பை வண்டியில போட்டுட்டேன். ஒரே நாத்தம்."

"போய் எடுத்துட்டு வாங்க."

இருதயராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

*

கிடங்கு ஊருக்கு வெளியே. மலை மலையாகக் குப்பை, நடுவில் புகை, மேலே கொக்குகள்.

முதல் நாள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கிடைத்ததா என்று கோசலை கேட்டாள். இல்லை என்றார்.

இரண்டாம் நாள் ஒரு குச்சியோடு ஏறினார். பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வேடிக்கை பார்த்தாள். நகை ஏதும் தொலைந்துவிட்டதா, பங்கு உண்டா என்றாள்.

"நகை இல்லம்மா. ஒருத்தரோட மூட்டை."

"இங்க இருக்கிறது எல்லாமே ஒருத்தரோட மூட்டைதான், சார்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள், அந்த ஒருத்தர் உங்களுக்கு என்ன வேணும் என்று.

அவர் குச்சியால் அடுத்த குவியலைக் கிளறினார்.

மூன்றாம் நாள் குச்சி ஒடிந்தது. கையால் கிளறினார். கண்ணாடி கிழித்தது. பொழுது சாயும்வரை கிளறினார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். முன்சீட்டும் காலியானது. நிற்க இடமில்லாத கூட்டத்தில் அவரைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இல்லத்துக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே தொட்டிக்குப் போனார். அன்று ஏழாம் நாள்.

கல் உயர்ந்தது.

இருதயராஜ் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மூட்டையைத் தூக்கிப் போட்டது நான்தான். மூணு நாளா கிடங்குல தேடினேன். கிடைக்கல."

அந்த மனிதர் அவருடைய சட்டையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கல்லைப் பக்கத்தில் வைத்தார்.

"அதுல ஒரு தூக்குவாளி இருக்கும். மூடி கிடையாது. பாத்தியா?"

"பாக்கலையே."

"நாளைக்கும் போவியா?"

"போவேன்."

அவர் யோசித்தார். பிறகு சுவரில் சாய்ந்து, ஈ மொய்த்த காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் நீட்டினார்.

"இதைக் கட்டிவிடு. நானும் வரணும். உனக்கு அடையாளம் தெரியாது."