பாதியில் நிற்கும் பாட்டுகள்

பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவிடம் கிட்டார் கற்க வந்தவர்களில், குருவைவிட மூத்த சீடர் குற்றாலிங்கம் ஒருவர்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

முதல் நாள் அவர் தோளில் மகனுடைய கிட்டாரும், சட்டைப்பையில் மகனுடைய பழைய செல்போனும் இருந்தன.

"பிரதீபன் புனேக்குப் போறப்ப இது ரெண்டையும் விட்டுட்டுப் போயிட்டான். போன்ல அவன் வாசிச்ச பாட்டெல்லாம் இருக்கு. அவனுக்குப் பிடிச்ச பழைய சினிமாப் பாட்டுங்க. எந்த இடத்துல எந்தக் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கணும், என்னென்ன கார்டுன்னு எழுதிக் கொடுத்திருங்க. நான் பழகிக்கிடுதேன்."

"எதுக்கு சார்?"

குற்றாலிங்கம் கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்தார். மகன் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறான். இவர் போனை வாங்கி "ஏல, சாப்பிட்டியா?" என்று கேட்டால் அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிடும். வீட்டுக்கு வெளியே யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

"ஒரு பாட்டை முழுசா வாசிச்சு அவனுக்கு அனுப்பணும். கேட்டான்னா பேசுவான்."

ஹெப்சிபா போனில் இருந்த பாட்டுகளைக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள். பிறகு கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்தாள். திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

"எழுதிக் கொடுக்க மாட்டேன். நீங்களே கேட்டுக் கண்டுபிடிங்க."

"நெட்ல எல்லாப் பாட்டுக்கும் கார்டு கிடக்குன்னு சொல்லுதாங்களே."

"அது பாட்டோட கார்டு. இது உங்க பையன் வாசிச்ச கார்டு. ரெண்டும் ஒண்ணில்ல."

"விடையைச் சொல்லிட்டா வேலை சீக்கிரம் முடியும்லா?"

"வழி எழுதாம விடை மட்டும் எழுதின பிள்ளைக்கு மார்க் போட்டிருக்கீங்களா சார்?"

போட்டதில்லை. குற்றாலிங்கம் கிட்டாரை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

வகுப்பு மாடியில் நடந்தது. கீழே தையல் கடை. மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் அடிச் சுரத்தை வாயால் முனகுவார். பிறகு அதைத் தடித்த கம்பியில் தேடுவார். கிடைத்ததும் அந்தக் கார்டு மேஜரா மைனரா என்று இரண்டையும் வாசித்துப் பார்ப்பார். விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போயின. சாம்பார் சாதம் பிசைகையில் எரிந்தது. மனைவி பார்த்துவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்து வைத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் காது திறந்துகொண்டது. மகன் 'ஜி'யிலிருந்து 'ஈ மைனரு'க்கு இறங்கும்போது சுண்டுவிரலை மட்டும் எடுக்காமல் விடுகிறான் என்பதுவரை பிடித்துவிட்டார். அன்றைக்கு மட்டும் சிரித்தார்.

அதன் பிறகுதான் ஒரு நாள் கோபமாக வந்தார்.

"ஒரு பாட்டும் முழுசா இல்ல டீச்சர். ஒண்ணு பல்லவியோட நிக்குது. ஒண்ணு சரணத்துல பாதியில நிக்குது. எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன்."

"ஏன் நிக்குது?"

"ஏன்னா? சோம்பேறித்தனம். சின்ன வயசுல இருந்தே எதையும் முடிக்க மாட்டான்."

"காதால கேட்டுச் சொல்லுதீங்களா, முன்னாடியே தெரிஞ்சு சொல்லுதீங்களா?"

குற்றாலிங்கம் அவளை முறைத்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்த முறைப்பு அது. ஹெப்சிபா மேசையிலிருந்து ஹெட்போனை எடுத்து நீட்டினாள்.

"கிட்டாரை விட்டுருங்க. மத்ததைக் கேளுங்க."

அவர் மாட்டிக்கொண்டார். முதல் பாட்டைப் போட்டார்.

கிட்டாருக்குப் பின்னால் அவர் வீடு இருந்தது. குக்கர் விசில் அடித்தது. கொல்லையில் யாரோ வாளியை வைத்தார்கள். காக்கை கத்தியது. பிறகு எங்கோ தொலைவில் ஒரு வண்டி. தெருமுனையில் கியர் மாறியது. அது அவருடைய புல்லட்.

பள்ளிக்கூடம் விட்டு அவர் வீட்டுக்கு வரும் சத்தம்.

கிட்டார் வாசிப்பில் ஒரு தடுமாற்றம். உள்ளங்கையை வைத்துக் கம்பிகளை அமுக்கும் சத்தம். உறையின் ஜிப். பீரோக் கதவு. அவ்வளவுதான்.

இரண்டாவது பாட்டிலும் தெருமுனையில் கியர் மாறியது. கை கம்பிகளை அமுக்கியது. மூன்றாவதிலும் அப்படியே. அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். கீழே தையல் மெஷின் நின்றதோ ஓடியதோ அவருக்குத் தெரியாது.

கடைசிப் பாட்டில் மகனுடைய குரலும் இருந்தது. அடங்கின குரல்.

"அம்மா, வந்துட்டாரு."

குற்றாலிங்கம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவனைக் கைநீட்டி அடிச்சதே கிடையாது டீச்சர்."

ஹெப்சிபா போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பிளஸ் டூ பரீட்சை நேரத்துல கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டேன். எந்தத் தகப்பனும் செய்யுததுதான். அவன் நல்லதுக்குத்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"முதல் நாள் பாட்டைக் கேட்டப்பவே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் கிட்டாரை எடுத்தார். மகன் விட்ட இடத்தில் விரல்களை வைத்தார். அடுத்த கார்டு எதுவென்று இப்போது அவருக்குத் தெரியும். கம்பியைத் தொட்டார், ஆனால் மீட்டவில்லை.

"மீதிப் பாட்டை நான் வாசிச்சு முடிச்சு அவனுக்கு அனுப்புதேன் டீச்சர். அவன் விட்டதை நான் முடிச்சுக் கொடுத்த மாதிரி இருக்கும். கேப்பாம்லா?"

ஹெப்சிபா ஹெட்போன் வயரை நிதானமாகச் சுற்றினாள்.

"அதையெல்லாம் அவரு எப்பவோ முடிச்சிருப்பாரு சார். உங்க வண்டிச் சத்தம் கேக்காத ஊருக்குத்தானே போயிருக்காரு."