இருபதாவது வளைவுக்குப் பிறகு

ஏற்காட்டில் தவமணியின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மலையேறி வந்து சூடு தாங்காமல் நின்றுபோன வண்டிகள்தான் அதற்கு அடையாளம்.

அங்கே ஒரே ஒரு மாணவர் இருந்தார். பெயர் சிங்கராயர், வயது அறுபத்து மூன்று. சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவர். தவமணிக்கு நாற்பத்தொன்று. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

எதிர்த்த டீக்கடைக்காரர் பெரியண்ணன், சார் அரியர் எழுத வந்திருக்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பார். சிங்கராயர் கோபித்துக்கொண்டதில்லை. பாஸானால் கடையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தன் கணக்கில் டீ என்பார்.

அவர் மாணவரானதற்குக் காரணம் பதினொன்றாவது வளைவு.

அவர் மனைவி செசிலிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் சனியும் சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போன வருடம் ஒரு மழை நாளில், திரும்பி வரும் வழியில், பதினொன்றாவது வளைவில் அவர்களுடைய பழைய கார் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். செசிலி அவர் தோளில் தலை சாய்த்து, கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதை எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூறு வரைக்கும் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அந்த வாரமே சிங்கராயர் காரை விற்றார். டர்போ வைத்த புது வண்டி ஒன்று வாங்கினார். மலையை அது சிரமமில்லாமல் ஏறும் என்றார்கள். வாங்கிய மறுநாள் தவமணியிடம் வந்து நின்றார்.

"எனக்குக் கத்துக்கொடுங்க. இது வழியில நிக்கக் கூடாது."

தவமணி அவரிடம் ஒரு பழைய துணியைக் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொள்ள.

பத்து மாதம் போனது. புது வண்டிக்கு முதல்முறை ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. தானே செய்வதாகச் சொன்னார். அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய ஆயிலை இறக்கினார். ஃபில்டரை மாற்றினார். புது ஆயிலை ஊற்ற வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார்.

நான்கு கேன் வாங்கி வைத்திருந்தார். சிவப்பு கேன் பட்டாளத்தில் இருந்த நண்பர் சொன்னது. கெட்டி ஆயில்தான் எஞ்சினைக் காக்கும் என்று அவர் கட்சி. தங்க நிறத்துக் கேன் பெங்களூர் மருமகன் சொன்னது. பந்தயக் கார்களுக்குப் போடுவதாம், நான்கிலும் விலை கூடியது. நீல நிறக் கேனைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். சாம்பல் நிறத்தது மட்டும் யாரும் சொல்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இவரே வாங்கியது. நான்கைப் பற்றியும் ஒரு நோட்டில் பதினேழு பக்கம் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் வரை வண்டி காலி வயிற்றோடு நின்றது. மறுநாள் செவ்வாய். செசிலி போன் செய்து, நாளைக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், நீங்கள் ஆராய்ச்சியை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

சிங்கராயர் நோட்டை மூடினார்.

"மாஸ்டர், எந்த ஆயில் போடறது?"

தவமணி கேன்களைப் பார்க்கவில்லை.

"இறக்கினது எங்க சார்?"

அதைக் கொட்டுவதற்காக ஒரு சட்டியில் ஓரமாக வைத்திருந்தார். அவள் உட்கார்ந்து இரண்டு விரலை அதில் தோய்த்தாள். மோந்து பார்த்தாள். விரல்களைத் தேய்த்து அவர் கண்ணருகே நீட்டினாள். கருப்பாக, கடுகைவிடச் சின்னதாக, இரண்டு மூன்று துகள்.

"கரி," என்றார் அவர்.

"ம்."

"கம்பெனிக்காரன் மட்டமான ஆயில் போட்டு அனுப்பிட்டானா?"

"நல்ல ஆயில்தான் சார்."

அவள் எழுந்து போய் ஒரு இரும்புத் தகடு கொண்டுவந்தாள். அடியில் கேஸ் தீயைக் காட்டினாள். தகடு நீலம் பாரித்ததும், நான்கு கேனிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, நான்கு மூலையில் விட்டாள். நான்கும் புகைந்தன. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். கடைசியில் நான்கு கருப்புப் புள்ளிகள்.

தகட்டைக் குறடால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல தங்கக் கலர் எது சார்?"

சிங்கராயர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் பாகுநிலை நடத்தியிருக்கேன்," என்றார் மெதுவாக. "அப்ப எதைப் போட்டாலும் ஒண்ணுதானா?"

"அப்படிச் சொல்லலையே. வண்டியோட ஒரு புஸ்தகம் குடுத்தாங்களே, அதுல என்ன போட்டிருக்கு?"

புத்தகம் டேஷ்போர்டு அறைக்குள் உறை பிரிக்காமல் இருந்தது. பிரித்தார். அதில் கண்ட எண்ணும் எழுத்தும் சாம்பல் நிறக் கேனில் மட்டும் அப்படியே இருந்தன. நான்கிலும் விலை குறைந்தது அதுதான். அவர் முகம் வாடியது.

"இது போதுமா மாஸ்டர்?"

"ஊத்துங்க."

"மறுபடி கரி வராதே?"

தவமணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் உங்களோட வர்றேன்."

ஊற்றினார். ஆயில் அளவுகோலை மூன்று முறை எடுத்துப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் சேலத்துக்கு இறங்கினார்கள். தவமணி பின்னால் உட்கார்ந்துகொண்டாள். செசிலி முன்னால் இருந்து, எங்கள் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் ஒழுங்காக இருக்கிறாரா, வீட்டில் ஒரு ஸ்குரூ முடுக்கச் சொன்னால் பாடம் எடுக்கிறார் என்று புகார் சொல்லிக்கொண்டே வந்தார். தவமணி சிரித்தாள். சிங்கராயர் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

திரும்பும்போது செசிலி பேசவில்லை. நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய் வந்த உடம்பு. வண்டி வேகமாக, திடமாக ஏறியது. பதினொன்றாவது வளைவைத் தாண்டியபோது சிங்கராயர் கண்ணாடியில் தவமணியைப் பார்த்தார். அவள் வெளியே காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது வளைவும் போனது.

வீட்டு கேட்டைத் தாண்டியதும் சிங்கராயர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். உள்ளே கொஞ்ச தூரம் சரிவு. மீதியை வண்டி தானாக உருண்டு போய் வாசலில் நின்றது. பெட்ரோல் விலையேறிய காலத்திலிருந்து வந்த பழக்கம். வண்டி நிற்பதற்குள் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். சுற்றி வந்து செசிலியின் கதவைத் திறந்து, தோளுக்குக் கீழே கை கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்களேன்," என்றார் செசிலி, கண்ணைத் திறக்காமல். "தலை சுத்துது."

"உள்ளே போய் படுத்துக்கோம்மா. ரெண்டு எட்டுதான்."

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் தூக்கறார்," என்று செசிலி பின்னால் இருந்த தவமணியிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"சார்," என்றாள் தவமணி. "அம்மாவை விடுங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் போய் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் மறுபடி மெல்ல ஓட ஆரம்பித்தது. தவமணி இறங்கி பானெட்டைத் தூக்கினாள். அவரைக் கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. ஓரத்தில், இரும்புக் கவசத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பாகத்தைக் காட்டினாள். ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும்.

"டர்போ. இருபது வளைவும் தூக்கிட்டு வந்தது இதுதான். கை வெச்சுடாதீங்க."

சிங்கராயர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிலை நினைத்தார். எஞ்சின் ஓடும் வரைதான் அது ஓடும். சாவியைத் திருப்பியதும் அங்கேயே, அந்த அனலிலேயே நின்றுவிடும். நீலம் பாரித்த தகடும் நான்கு புள்ளிகளும் நினைவுக்கு வந்தன. பத்து மாதம். வாரத்துக்கு இரண்டு நாள்.

"நான்தான்," என்றார்.

தவமணி தலையசைத்தாள்.

"நல்ல ஆயில்தான்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"கரி வரை போயிருக்கே. வண்டி கெட்டுப்போச்சா?"

"கெடல. கேளுங்க, சத்தம் சுத்தமா இருக்கு. சாம்பல் கேனே போதும். வழியில நிக்காது."

அவள் சொன்ன விதத்தில் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நோட்டு வீட்டுக்குள் இருந்ததால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வந்து நின்னதும் எவ்வளவு நேரம் ஓட விடணும் மாஸ்டர்? ஒரு நிமிஷமா, ரெண்டு நிமிஷமா? சொல்லுங்க, அலாரம் வெச்சுக்கறேன்."

தவமணி பானெட்டை இறக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செசிலி இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தார். எஞ்சினின் அதிர்வில் அவர் காதுத் தோடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா இறங்கலாம்னு சொல்ற வரைக்கும் சார்."