சும்மா இருந்த மில்லு

ஒரு ஊர்ல ஒரு மில்லு இருந்துச்சு, கண்ணு. பஞ்சை நூலாக்கற மில்லு. உள்ள போனா 'கடகட கடகட'ன்னு ஒரே இரைச்சல், எதிர்ல நிக்கறவங்க முகம் தெரியாத அளவுக்குப் பஞ்சுத்தூசி. அந்தத் தூசியை வெளிய இழுத்துத் தள்ள சுவத்துல ஒரு பெரிய காத்தாடி உண்டு. அது நின்னு போய் மூணு மாசம் ஆச்சு. கேக்கறியா? ம் சொல்லணும்.

அந்த மில்லுல நாகரத்தினம்னு ஒருத்தி. சங்கத்துக்காரி. பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும், அதுக்கு மேல படிச்சதெல்லாம் துண்டு நோட்டீஸ்தான். ஆனா ஒரு நோட்டீஸ் விடாம படிச்சவ. வக்கீல் எதிர்ல நின்னாலும் சட்டம் பேசுவா. அவ பக்கத்து மெஷின்ல துளசிமணி. சின்ன வயசுதான். ஆனா நாலு படி ஏறினா 'ங்ஙீ... ங்ஙீ...'ன்னு நெஞ்சு இழுக்கும்.

"ஏண்டி, இப்படியே போனா உன் நெஞ்சைப் பிரிச்சு ரெண்டு தலையணை தைக்கலாம்டி. காத்தாடிக்கு மனு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடு"ம்பா நாகரத்தினம்.

"எனக்கு என்னக்கா, நல்லாத்தான் இருக்கேன். லேசா சளி."

அந்த மில்லுல நாகரத்தினத்தைத் தவிர அறுபது பொம்பளைங்க. அறுபது பேருக்கும் லேசா சளி! நாகரத்தினத்துக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல வந்துச்சு. கேட்டுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, "உங்களுக்கெல்லாம் மூச்சு இருக்கா இல்லையாடி?"ன்னு கத்தினா. "நாளைக்குக் கேக்கறோம்க்கா, பஸ்ஸு போயிரும்"னு போயிட்டாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? இந்தக் கத்தல் மொதலாளி காதுக்குப் போச்சு. காத்தாடியை ஓட்டுவாருன்னு பாக்கறியா? அதான் இல்ல. "பொம்பளைங்களுக்கு மனசு அமைதியா இல்ல"ன்னு சொல்லி, தியானம் கத்துக்குடுக்க ஒரு மாஸ்டரைக் கூட்டிட்டு வந்துட்டாரு. வெள்ளை ஜிப்பா, பூனை நடக்கற மாதிரி குரல். தினம் பத்து நிமிஷம் தியானம். அந்தப் பத்து நிமிஷத்தை எதுல இருந்து எடுத்தாங்க தெரியுமா? டீ குடிக்கற நேரத்துல இருந்து!

"டீயைப் புடுங்கிட்டு மூச்சைக் குடுக்கறாங்களாம்! மூச்சு எங்க வீட்டுலயே இருக்குய்யா!"ன்னு நாகரத்தினம் கொதிச்சா. யாரு கேட்டா? எல்லாரும் வரிசையா சம்மணம் போட்டாச்சு. மாஸ்டர் ஒரே பிடிவாதமா மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னாரு. 'கடகட கடக்... கட்...' நின்னுது. அந்தப் பொம்பளைங்க வேலைக்கு வந்த நாள்ல இருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்ல.

"சும்மா இருங்க"ன்னாரு மாஸ்டர். "மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், மாத்த வேண்டாம். அது எப்படிப் போகுதோ அப்படியே கவனிங்க."

மொத நாள், நாகரத்தினம் கண்ணை மூடினா. மனசுக்குள்ள ஊர்வலமே கிளம்பிருச்சு. ஒத்தைக் கண்ணைத் திறந்து, "இது எந்தச் சட்டத்துல இருக்கு?"ன்னா.

"கோபம் வருதாம்மா? வரட்டும். அதையும் கவனிங்க."

"கவனிச்சுட்டேன். அது நல்லாத்தான் இருக்கு."

ரெண்டாம் நாள், மனசுக்குள்ளயே மொதலாளிக்கு எதிரா ஒரு நோட்டீஸ் எழுதினா. நோட்டீஸ் நல்லா வந்துச்சு. மூச்சு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல.

மூணாம் நாள், எழுதறதுக்கும் ஒண்ணும் மிச்சமில்ல, கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிப்போச்சு. போய்த் தொலையட்டும்னு சும்மா இருந்தா. அப்போ ஒரு சத்தம்... கேளு. 'ங்ஙீ...' அது துளசிமணி. அப்புறம் பின்னாடி 'கர்ர்... கர்ர்...' அந்தக் கோடியில 'உஸ்ஸ்... உஸ்ஸ்...' அப்புறம் ரொம்பக் கிட்டத்துல 'கொய்ய்ய்'னு ஒண்ணு. யாருடா இதுன்னு பாத்தா, அவ நெஞ்சுதான்! மூணு மாசமா ஊரார் நெஞ்சுக்காகக் கத்தினவ, தன் நெஞ்சை ஒரு நாளும் கேட்டதில்ல.

ம்? தூங்கிட்டியா? சரி.

அப்புறம் மணி அடிச்சுது. ஒருத்தியும் எந்திரிக்கல.

"அக்கா, இது சளி இல்லக்கா"ன்னா துளசிமணி. கண்ணெல்லாம் தண்ணி.

நாகரத்தினத்துக்கு வந்துச்சே ஆத்திரம்! "மூணு மாசமா நான் என்னத்தைடி சொன்னேன்?"

"நீ சொன்னது காதுல விழலக்கா. இது விழுந்துச்சு."

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. "என்னம்மா, நேரமாச்சு, மெஷினைப் போடுங்க!"

"சும்மா இருக்கச் சொன்னீங்க, இருக்கோம்"ன்னா துளசிமணி.

"அதுக்கு? எவ்வளவு நேரம்?"

"காத்தாடி ஓடற வரைக்கும்."

நாகரத்தினம் விருட்டுனு எந்திரிச்சா. கோஷம் போட வாயைத் திறந்தா. துளசிமணி அவ முந்தானையைப் புடிச்சு இழுத்தா. "அக்கா, நீயும் கொஞ்சம் சும்மா இரேன்!" அறுபது பேரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. முப்பது வருஷம் போராடினவளைப் பாத்து சும்மா இருன்னா எப்படி இருக்கும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தா.

அப்புறம் மொதலாளியே வந்துட்டாரு. நேரா மாஸ்டர் மேல பாஞ்சாரு. "எந்திரிக்கச் சொல்லுய்யா!"

மாஸ்டர் கையைப் பிசைஞ்சாரு. "ஐயா, சும்மா இருக்கத்தான் எனக்குச் சொல்லித்தரத் தெரியும். எந்திரிக்க வைக்கத் தெரியாதுங்களே." சொன்னவரு அந்தத் தூசியில 'அச்சூ! அச்சூ! அச்சூ!'ன்னு மூணு தும்மல் தும்மிட்டு, அவரும் கீழ உக்காந்துட்டாரு.

ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. மூணாவது மணி நேரத்துல எலெக்ட்ரீஷியன் ஏணியோட வந்தாரு. 'டங் டங்.' 'கரக்... கரக்...' அப்புறம் 'விர்ர்ர்ர்ர்ர்!' தூசியெல்லாம் கூட்டமாக் கிளம்பி சுவத்து வழியா வெளிய ஓடுச்சு. எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கறது அப்பத்தான் பாதிப்பேருக்குத் தெரிஞ்சுது.

மொதலாளி ஒரு காகிதத்தை நீட்டினாரு. "இனிமே காத்தாடி ஓடும்னு எழுதியிருக்கு. உங்கள்ல யாரு தலைவர், கையெழுத்துப் போடுங்க."

அறுபது கை ஒண்ணா நீண்டுச்சு. யாரைப் பாத்து? மாஸ்டரைப் பாத்து!

"அடிப்பாவிகளா!"ன்னா நாகரத்தினம். அந்த மனுஷன் ஒரு வரி படிக்காம பேனாவை எடுத்துட்டாரு. வெடுக்குனு காகிதத்தைப் புடுங்கினா. "மூச்சைக் கவனிச்சீங்க, சரி. இதை யாருய்யா கவனிக்கறது?" ஒவ்வொரு வார்த்தையா விரலை வச்சு, மெதுவா, மெதுவா படிச்சா. அறுபது பேரும் மூச்சுக்கூட விடல. 'இயன்றவரை காத்தாடி இயக்கப்படும்'னு இருந்துச்சு. விரல் நின்னுது.

"இது என்னங்க, 'இயன்றவரை'?"

"அது சும்மா போட்டதும்மா"ன்னாரு மொதலாளி.

"சும்மாவா? எங்க சும்மாவைத்தான் பாத்தீங்களே, இன்னுமா அந்த வார்த்தையை நம்பறீங்க?"ன்னு கேட்டுட்டு, பேனாவை வாங்கி 'சரக்'குன்னு அதை அடிச்சா. அதுக்கப்புறந்தான் கையெழுத்து.

அவ்வளவுதான் கதை, மில்லு விட்டாச்சு, கண்ணை மூடு.