பொன்மணி வீட்டு அரிசி

வெறும் டின்னில் ஒரு பிடி அரிசி விழுந்தால் ஓட்டில் மழை இறங்குவது மாதிரிக் கேட்கும். பாதி நிறைந்த டின்னில் விழுந்தால் யாரோ மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். செல்லக்கனி தொட்டிலில் கிடந்த காலத்திலேயே கேட்டுப் பழகிய சத்தங்கள் இவை. அவள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைத்த அரிசி அது.

அந்தச் செல்லக்கனிதான் ஐம்பத்திரண்டு வயதில் சபைப் போதகரின் முன்னால் வந்து நின்றாள்.

"போடாத கை கேட்கலாமா, ஐயா?"

கிருபாகரன் ஐயர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய மகனாகிற வயதுதான் இருக்கும். சபைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"எதைக் கேட்க?"

"பிடி அரிசியத்தான்."

பதினெட்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சாக்கோடு வீடு வீடாகப் போய் அந்த அரிசியைச் சேர்க்கிறவள் அவள். சேர்ந்தது கஷ்டப்படுகிற ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்பது ஐயருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். குறைத்துப் போடுகிறவர்களை அவள் சும்மா விடமாட்டாள்.

"ஏளா, இது கையா, குருவிக் காலா?" என்பாள். பெண்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி போடுவார்கள்.

இப்போது அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கொத்தனார் வேலை பார்த்த அவள் கணவர் பாக்கியநாதன் சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மூன்று வாரமாகத் தன் டின்னில் ஒன்றும் விழவில்லை. இந்த லட்சணத்தில் அடுத்தவள் கையைக் கேலி பண்ண நாக்கு கூசுகிறது. வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

"வீட்டில அடுப்பு எரியுதாம்மா?"

"எரியுது."

எரிவது ஒருவேளைக் கஞ்சிக்கு என்றோ, அந்தக் கஞ்சியும் அவர் ஒருவருக்குத்தான் என்றோ அவள் சொல்லவில்லை.

ஐயர் துணியை உதறி மடித்தார். வருகிற சனிக்கிழமை மட்டும் போவோம் என்றும், சாக்கைத் தான் தூக்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

போனார்கள். ஐயருக்கு எப்போதிலிருந்து சாக்கு உத்தியோகம் என்று ஒருத்தி கேட்டாள். சம்பளம் பற்றவில்லை என்றார் ஐயர். செல்லக்கனி அன்று யார் கையையும் பார்க்கவில்லை. சாக்கின் வாயை மட்டும் பிரித்துப் பிடித்தாள்.

கடைசி வீடு முடிந்ததும் கோயிலுக்குத் திரும்ப வேண்டிய முக்கில் ஐயர் திரும்பவில்லை. நேரே போனார். அது அவளுடைய தெரு.

செல்லக்கனி எட்டு வைத்து முன்னால் போய்த் தன் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வாரம் எந்த வீடுன்னு நாம பேசவே இல்லையே, ஐயா."

"இந்த வீடு."

"வேண்டாம்."

தன்னைவிட இல்லாதவர்கள் இரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். வாங்கப் போனவளே வாயில் போட்டுக்கொண்டாள் என்று ஊர் பேசும் என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சாக்கிலிருந்து ஒரு மணி தன் முந்தானையில் ஒட்டியதில்லை என்றாள். சொல்லும்போது அவளுக்குக் குரல் ஏறியது. நிலையைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஐயர் வாதாடவில்லை. அரிசி புடைக்கிற சுளகு ஒன்று கேட்டார்.

எதற்கென்று தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, சாக்கைச் சாய்த்துச் சுளகு நிறைய அரிசியைக் கொட்டினார்.

"இது யார் யார் வீட்டு அரிசின்னு தெரியுமா?"

"தெரியாமலா?" அவளும் எதிரே உட்கார்ந்தாள். சிவப்பு அரிசி டீச்சர் வீடு. சன்னமான பொன்னி, மில்காரர் வீடு. பச்சரிசி, பிள்ளை பெற்று வந்திருக்கிற மேரி லீலா வீடு.

"இந்தக் குண்டு அரிசி?"

"அது ரேஷன். பொன்மணி வீடு. மத்தவங்க கோயிலுக்கு ரேஷன் அரிசி போடக் கூசுவாங்க. அவ கூசமாட்டா. ஒரு கல்லு இருக்காது, பாருங்க."

பொன்மணியை ஐயருக்கும் தெரியும். போன அடைமழையில் இதே சாக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தது.

"அப்ப ஒண்ணு செய்வோம். பொன்மணியோட அரிசிய மட்டும் பொறுக்கி எடுத்துத் திருப்பிக் கொடுத்திடுவோம். அவளும் இல்லாதவதானே."

செல்லக்கனி சுளகைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றாள். பிறகு, "ஐயா" என்று சேர்த்துக்கொண்டாள்.

"ஏன்?"

"அவ புருஷன் போனதிலிருந்து டின்னு காலியாக் கெடந்தது. நாம சாக்கு கொண்டுபோய்க் கொடுத்த அடுத்த சனிக்கிழமை, எனக்காக வாசல்லயே நின்னா. நான் கூப்பிடக்கூட இல்ல. ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டா. போட்டுட்டு என் முகத்தப் பார்த்தா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. இதக் கொண்டுபோய் அவகிட்டத் திருப்பிக் கொடுத்தா..."

நிறுத்திவிட்டாள்.

"கொடுத்தா?" என்றார் ஐயர்.

செல்லக்கனி சுளகில் ஒரு குண்டு மணியை விரலால் நகர்த்தினாள். அது பக்கத்திலிருந்த சிவப்பு மணிகளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது.

உள்ளே கட்டிலிலிருந்து பாக்கியநாதன், யார் வந்திருப்பது என்று கேட்டார்.

செல்லக்கனி சுளகோடு எழுந்தாள்.

"ஐயர் வந்திருக்காங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க."

அதன்பிறகு ஒன்பது வருஷம் செல்லக்கனி சாக்கோடு போனாள். இப்போது பொன்மணி போகிறாள்.