ஊதிப் பார்த்த எக்காளம்

மருதவர்மன் ஆண்ட ஊரில் தனதத்தன் என்ற வணிகன் வந்து சேர்ந்ததும், ஜனங்கள் கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். அவனுடைய ஆட்கள் பொருள்களின் படம் வரைந்த சுருளோடு வீடு வீடாக வருவார்கள். பிடித்த படத்தின் மேல் விரலை வைத்தால் போதும். விலையை அப்போதே வாங்கிக்கொள்வார்கள். பொருள் பிறகு பெட்டியில் வரும். என்ன பொருள் வரும் என்பது வேறு விஷயம்.

கோயிலில் எக்காளம் ஊதும் பிச்சாண்டியின் பழைய எக்காளம் ஒடுக்கு விழுந்திருந்தது. ஆளுயர எக்காளப் படத்தின் மேல் விரலை வைத்தான். விலையாகத் தன் ஒரே வண்டிமாட்டைக் கொடுத்தான். பெட்டி வந்தது. உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒரு எக்காளம். ஊதிப் பார்த்தான். பூனை தும்மியதுபோல் இருந்தது.

தனதத்தன் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தான். வழக்கு சபைக்கு வந்தது.

சபையில் ராஜாவுக்குப் பக்கத்தில் கூத்தனார் உட்கார்ந்திருந்தார். எந்த வழக்கையும் பேச்சால் ஜெயிப்பவர் என்று ஊர் சொல்லும். ஜெயித்தது நியாயமா, வெறும் பேச்சா என்று வீட்டுக்குப் போய்க் குழம்புகிறவர் அவர்.

"படத்துல இவ்வளவு உசரம் இருந்துச்சுங்க" என்று பிச்சாண்டி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

தனதத்தன் சுருளை விரித்தான். "அடியில் பாருங்கள், மகாராஜா. 'படம் அழகுக்காக மட்டும்' என்று எழுதியிருக்கிறது."

ராஜா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எறும்பு ஊர்கிறது என்றல்லவா நினைத்தேன்."

"எறும்பளவு எழுத்தானாலும் விதி விதிதானே, மகாராஜா."

கூத்தனார் பிச்சாண்டியிடம் திரும்பினார். "பெட்டி வருவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. மாடு இல்லாம பொழைக்க முடியாதுன்னு அன்னிக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். பொருள் புறப்பட்டுப் போச்சுன்னாங்க. அந்தப் பெட்டி மேல உட்கார்ந்துக்கிட்டுத்தான் சொன்னாங்க."

சபை சிரித்தது. தனதத்தன் சிரிக்கவில்லை. "இவன் வாயில் வைத்து ஊதிவிட்டான். எச்சில் பட்ட பொருளை இன்னொருவர் தலையில் கட்டுவது பாவமில்லையா?"

எச்சில் என்றதும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ராஜாகூடக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "எச்சில் என்றால் கஷ்டம்தான்."

மாடு போனது போனதுதான் என்று பிச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

எச்சிலுக்குக் கூசியே வளர்ந்தவர்தான் கூத்தனாரும். அந்தக் குட்டி எக்காளத்தை மேல்துண்டால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"வணிகரே, இதைப் பார்த்தால் ஊமை எக்காளம்போல் இருக்கிறது. சத்தம் வராத சாமானையும் விற்பீர்களா?"

தனதத்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊமையா? இதற்கென்றே கிடங்கில் ஆள் வைத்திருக்கிறேன், ஐயா. ஒவ்வொன்றையும் அவன் ஊதிப் பார்க்காமல் பெட்டியில் வைக்கமாட்டோம்."

"எதனால் ஊதுவான்?"

"வாயால்தான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்படியானால் பிச்சாண்டிக்கு வந்ததே எச்சில் எக்காளம்" என்றார் கூத்தனார். "எச்சில் குற்றமென்றால், குற்றமுள்ள பொருளை விற்றிருக்கிறீர். குற்றமில்லை என்றால், திருப்பி வாங்க என்ன தடை?"

தனதத்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மாட்டைத் தந்துவிடுகிறேன். ஆனால் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. எக்காளம் தலைமைக் கிடங்குக்குப் போகவேண்டும். அங்கே சோதிப்பார்கள். பிறகுதான் மாடு புறப்படும். எப்படியும் தை பிறந்துவிடும்."

"அவசரமில்லை. பிச்சாண்டி, நாளைக்குத் திருவிழாவுக்குப் போகவேண்டுமோ?"

"ஆமாங்க. வண்டி இருக்கு. இழுக்கத்தான்..."

கூத்தனார் தனதத்தனின் தோள்களை ஏற இறங்கப் பார்த்தார். "மாடு வரும்வரை மாற்றாக இவரைப் பூட்டிக்கொள். கொஞ்சம் சிறிசுதான், பொறுத்துக்கொள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரங்கே, ஒரு நுகத்தடி கொண்டு வாருங்கள்."

"மாடு வாசலில்தான் நிற்கிறது, மகாராஜா" என்றான் தனதத்தன் அவசரமாக. "நான் வந்த வண்டியில்தான் பூட்டியிருக்கிறது."

பிச்சாண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். அந்த வண்டி தனதத்தன் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும்தான் அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்களே.