மணலில் எழுதிய கிறுக்கல்

முன்னொரு காலத்திலே, நண்டுகூட மனுஷரோடு வாயாடிக்கொண்டிருந்த காலத்திலே, கடலோரமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே உப்பளத்தில் வேலை செய்த மாசானம், வழியே வந்த மந்திரவாதியின் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். மந்திரவாதி கோலைத் தட்டினான். மாசானம் நின்றவன் நின்றபடியே உப்புச் சிலையாகிவிட்டான்.

அவன் மனைவி பேச்சி ஓடிவந்து மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"ஐயா, அவர் சாவு வீட்டிலகூடச் சிரிக்கிற ஆளு. மன்னிச்சிடுங்க."

மந்திரவாதி ஒரு பனையோலையையும் எழுத்தாணியையும் நீட்டினான். "உன் புருஷன் எப்பேர்ப்பட்டவன் என்று ஒரு வரி எழுது. மெய்யாக இருந்தால் உயிர் வரும். தப்பாக எழுதினால் போனது போனதுதான். வேறு ஓலை கிடையாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வானத்தில் மேகம் திரண்டது. மழை விழுந்தால் உப்பு என்னாகும்? பேச்சி சிலைக்குப் பக்கத்திலேயே கடலோர மணலில் உட்கார்ந்தாள். 'என் புருஷன் சிங்கம்' என்று எழுதலாமா? எலியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிறவர். 'சூரியன்' என்று எழுதலாமா? சூரியனுக்கு முன்னால் ஒருநாளும் எழுந்ததில்லை. 'தங்கம்' என்று எழுதலாமா? ஊரில் எல்லாப் பெண்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எழுத்தாணியை எடுப்பாள், ஓலையைப் பார்ப்பாள், வைப்பாள். எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள்.

பக்கத்து வளையிலிருந்து ஒரு சிவப்பு நண்டு எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, முறைச்சுப் பார்த்தா ஓலை தானா எழுதிக்குமா?"

"இருக்கிறது ஒரே ஓலை. தப்பாப் போயிட்டா?"

"அப்போ மணல்ல எழுது."

"எனக்கு நல்லா எழுத வராதே."

"நான் எழுதுற லட்சணத்தைப் பாரு. விடிஞ்சதிலிருந்து கிறுக்குறேன், அலை அழிச்சிட்டுப் போகுது. யாராவது என்னை ஏன்னு கேட்டாங்களா?"

பேச்சி விரலால் எழுதினாள். 'குறட்டை. பாயை மடிக்க மாட்டார்.' அலை வந்து அழித்தது.

'அவங்கம்மா என்னை ஏசினப்போ வாயே திறக்கலை.' அலை வந்து அழித்தது.

"வெறும் வசவாவே வருதே" என்றாள்.

"வரட்டும். நான் வளை தோண்டும்போதும் முதல்ல குப்பைதான் வரும்."

கோபமும் அழுகையுமாகக் கிறுக்கினாள். 'கஞ்சி குறைஞ்சா பசிக்கலைன்னு பொய் சொல்லுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.'

விரல் நின்றது. அலை வருவதற்குள் இரண்டுமுறை படித்தாள். இத்தனை வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட.

ஓலையை எடுத்து எழுதினாள்: 'பானையில் கஞ்சி குறைந்தால், பசிக்கவில்லை என்பார்.' இந்தமுறை எழுத்தாணி நடுவில் நிற்கவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உப்பு கரைந்து வழிந்தது. பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது.

மாசானம் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு நின்றான். "அந்த மீசைக்காரன் போயிட்டானா?"

பேச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே நண்டின் பக்கம் திரும்பினாள்.

"நண்டே, நீ மட்டும் இல்லேன்னா... இந்த மணலு... அந்த அலையும்தான்... ஐயோ, நான் எப்படிச் சொல்றது..."

வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வேறொரு நாளாக இருந்தால் வெட்கப்பட்டு வாயை மூடியிருப்பாள். இன்று வந்ததையெல்லாம் வந்தபடியே சொன்னாள். நண்டும் நனைந்துகொண்டே கேட்டது. மழை விட்ட பிறகும் அவள் சொல்லி முடிக்கவில்லையாம்.