இரண்டு பை வைத்திருந்த வண்டு

அந்தக் காலத்தில், ஓடைக்கும் வண்டுக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, மலையடிவாரத்தில் ஒரு கல்லுக்கு அடியில் வண்டுக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் உண்டு என்பார்கள். படியில் எதை அளந்தான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த வண்டுகளைத்தான் அளந்தான்.

அந்தி சாய்ந்தால் தேரை வரும், நாக்கை நீட்டும், ஒருவரைக் கொண்டுபோகும். சிலம்பாயி என்ற வண்டுக்கு மிஞ்சியவன் ஒரே தம்பி, கட்டையன். அவனையும் பறிகொடுக்க மனமில்லாமல் ஓடையிடம் போய் அழுதாள்.

ஓடைக்கு இரக்கம் வந்தது. தனக்கு ஒரு தங்கை உண்டு என்றது. பார்வைக்குத் தண்ணீர்தான், ஆனால் காற்றில் ஒரு மூச்சைக் கூடுதலாக இழுத்துவிட்டு, அதை எங்கே விடுவது என்று தவித்துக்கொண்டே இருப்பவள். வெயிலும் அவளுக்கு ஆகாது. இன்று மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று பழுப்பு பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, புண்ணில் பட்டதும் நுரைத்துப் பொங்குமே, அவளேதான்.

அந்த நீரில் கசப்புச் சாறு கலந்து ஓர் இலைப்பையில் கொடுத்தது ஓடை. இன்னொரு பையில் கொஞ்சம் உறை கொடுத்தது. பாலுக்கு இடும் உறை அல்ல. தொட்டவுடன் கொதிக்க வைக்கிற உறை.

"ரெண்டையும் ஒண்ணா வைக்காத தாயி. தேரை முன்னால நிக்கும்போதுதான் அது சேரணும்."

வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. யார் எதைக் கொண்டுவந்தாலும் ஒரே பையில் கொட்டிப் பங்கிடுவது அந்த வண்டுகளின் வழக்கம். இரண்டு பை வைத்திருப்பவள் திருடி. சிலம்பாயி எடுத்துச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டையும் ஒன்றாக்கு, மாட்டாயென்றால் தம்பியோடு கல்லை விட்டு வெளியே போ என்றார்கள். வெளியே தேரை காத்திருந்தது.

அவள் மன்றாடிக்கொண்டிருக்கையில் கட்டையனுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டான், பாவி.

"எங்க அக்கா திருடி இல்ல. பாருங்க, ஒண்ணாவே ஊத்துறேன்."

அவள் ஓடி வருவதற்குள் இரண்டிலும் பாதியைப் பொதுப்பையில் ஊற்றிவிட்டான். படீரென்று வெடித்துக் கொதிபுகை எழுந்தது. புகை கலைந்தபோது கட்டையன் கால்களை மடக்கிக் கிடந்தான்.

அழக்கூட விடவில்லை. சத்தம் கேட்டுத் தேரை வந்து வாசலை அடைத்து உட்கார்ந்தது. திருடி என்றவர்கள் எல்லாரும் சிலம்பாயியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினார்கள். அவர்களை அவள் வெறுத்தாள். ஆனாலும் மிஞ்சிய நீரைக் குடித்தாள், உறையை விழுங்கினாள், வயிற்றில் இரண்டையும் தனித்தனியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேரையின் முன்னால் போய் நின்றாள்.

தேரை விழுங்கியது. உள்ளே இருட்டில் அவள் தம்பியை நினைத்துக்கொண்டு, வாலடியில் இரண்டையும் சேரவிட்டாள்.

வெந்த நாக்கோடு அவளைத் துப்பிவிட்டு ஓடியது தேரை. அவள் உயிரோடு எழுந்து நின்றாள். கூட்டத்துப் பெரியவர் கட்டையன் கிடந்த இடத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, தனக்கும் இரண்டு பை கேட்டார். ஓடையிடம் மறுபடி வாங்கி வந்து எல்லாருக்கும் அவள் கொடுத்தாள்.

அன்று முதல்தான், ஒரே கல்லடியில் நெருக்கியடித்து எல்லாவற்றையும் பங்கிட்டு வாழும் அந்த வண்டுகள், வயிற்றுக்குள் மட்டும் இரண்டு பைகளைத் தனித்தனியே வைத்துக் காக்கின்றன.